காஸ் வரும் என்றார்கள், கப்பல் வரும் என்றார்கள்

முள்ளிவாய்க்காலில் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டது என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருந்தால் உலகம் தலையிட்டிருக்காதா? 2009க்குப் பின்னர் இக்கேள்வியை என்னிடம் கேட்டோர் பலர். 2013 ஆகஸ்ட் 21இல் சிரியத் தலைநகர் டமாஸ்கஸின் புறநகரான கூத்தாவில் சரின் வாயுவினால் நூற்றுக்கணக்கானோர் மாண்டு, வெள்ளைத் துணியில் பொதிந்த குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்தபோது, கேட்போர் தொகை இன்னும் கூடியது. கேட்பவர்களின் குரலில் அறியும் ஆவலை விட ஆற்றாமையே மிகுதியாக இருக்கும். சரியான சொல்லைச் சரியான வேளையில், சரியான காதில் போடத் தவறிவிட்டோம். போட்டிருந்தால் கதவு திறந்திருக்கும் என்ற ஆற்றாமை அது.

இந்த நினைப்பு 2009இல் பிறந்தது அன்று. குடாநாட்டில் அது எப்போது பிறந்தது என்பதை என்னால் ஏறக்குறைய நாள் குறித்துச் சொல்ல முடியும். அதற்கு முன் 'காஸ்' பற்றிய பயத்தைச் சொல்ல வேண்டும்.

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ரயில் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, யூரியா முதலியவை தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுற்றுகிற பையன் களைத்தால் பிபிசி தமிழோசையும் களைத்துவிடும். அந்த வானொலியில்தான், சதாமின் ஸ்கட் ஏவுகணைகளில் நச்சுவாயு இருக்கலாம் என்று இஸ்ரேலியர் முகமூடி அணிந்து அறைகளுக்குள் அடைபட்டிருக்கும் செய்தியை ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து கேட்டோம். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்திய மக்களை அதே சதாமின் விமானங்கள் நச்சுவாயுவால் கொன்ற செய்தியும் அப்போதுதான் பலருக்கு முழுமையாகத் தெரிய வந்தது.

மறுநாள் ஒழுங்கையில் ஒரு மூதாட்டி என்னை மறித்துக் கேட்டார்: "தம்பி, நீர் பேப்பரிலை வேலை செய்யிறனீர்தானே. காஸ் எண்டுறது பாரமோ, லேசோ? மேலை போகுமோ, கீழை இறங்குமோ?"

நான் அக்காலத்தில் கேட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. அவருடைய வீட்டு முற்றத்தில் ஒரு பங்கர் இருந்தது. பனங்குற்றி அடுக்கி, கைவிடப்பட்ட ரயில் பாதையின் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பரப்பி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர். செல்லுக்கும் பொம்பருக்கும் அது காப்பு. ஆனால் குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அது பள்ளத்தைத் தேடிப் போகும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22இல், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜேர்மனியர் 5,700க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்துவிட்டபோது, அகழிக்குள் பதுங்கியவர்களைத் தேடிச் சென்று மூச்சடைத்தது அதுதான். குண்டிலிருந்து காத்த குழியே வாயு வந்தால் புதைகுழியாகும். அயலில் இருந்த இரசாயன ஆசிரியர் ஒருவர் இதை விளக்கியபோது மூதாட்டி சொன்ன பதில்: "அப்ப செல் வந்தாக் கீழை, காஸ் வந்தா மேலை. ரண்டும் சேந்து வந்தா?" ஆசிரியரிடம் விடை இருக்கவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, கோட்டையைப் புலிகள் முற்றுகையிட்டிருந்த மாதங்களில், நகரத்தின் மீது பீப்பாய்க் குண்டுகள் விழுந்தன. மெதுவாக ஊர்ந்துவரும் அந்தச் சரக்கு விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் 'சகடை'. கதவைத் திறந்து பீப்பாயை உருட்டிவிடுவார்கள். குறி என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஒரு கட்டத்தில் மலம் நிரப்பிய பீப்பாய்களும் வந்து விழுந்ததை அன்று நகரில் இருந்தவர்கள் இன்றும் முகம் சுளித்து நினைவு கூர்வார்கள். மலத்தைப் போடத் துணிந்தவன் நாளை எதைப் போடமாட்டான் என்பதே சந்தையிலும் கோயில் வாசலிலும் பேச்சு. வானத்திலிருந்து வருகிற எதுவும் வெறும் இரும்பாக மட்டும் இருக்காது என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது.

ஆனால் அந்தப் பேச்சில் இன்னொரு இழை இருந்தது. அதை நான் பிற்பாடுதான் பிரித்து நோக்கினேன். "காஸ் அடிப்பாங்கள்" என்று அஞ்சியவர்களே அடுத்த வசனத்தில், "அடிச்சா இந்தியா சும்மா இராது" என்றார்கள். இந்திய அமைதிப்படையோடு இரண்டரை ஆண்டு போர் நடந்து, 1990 மார்ச்சில் அது கப்பலேறிய பிறகும் அப்படிச் சொன்னார்கள்! காஸ் என்பது அச்சத்தின் பெயர் மட்டுமன்று. ஒரு மனுவின் முதல் வரியும் அதுவே. துன்பம் ஓர் அளவைத் தாண்டினால் வெளியே இருந்து ஒருவர் வந்தே தீருவார், அந்த அளவைக் காட்டும் கோடு நச்சுவாயு என்பது அதன் தர்க்கம்.

இத்தர்க்கத்தை எங்களுக்குக் கற்பித்த நாள் 1987 ஜூன் 4.

அவ்வாண்டு மே 26இல் வடமராட்சி மீது 'ஒப்பறேசன் லிபரேசன்' தொடங்கியது. அதற்கு முன்பே ஜனவரி முதல் எரிபொருள் தடை. ஜூன் 3இல் இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு வந்த 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் டில்லியில் இலங்கைத் தூதுவரை அழைத்து, விமானங்கள் வருகின்றன, எதிர்த்தால் பலத்தால் எதிர்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மாலையில், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, ஐந்து அன்ரனோவ்–32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டொன் உணவுப் பொருட்களைக் குடைகளில் இறக்கின. 'ஒப்பறேசன் பூமாலை' என்று அதற்குப் பெயர்.

நான் அன்று பணியில் இருந்த பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக் கோப்பவர்கள் கையில் எழுத்தோடு தெருவுக்கு ஓடினார்கள். விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் பழகிய கால்கள் முதன்முறையாக வெளியே ஓடிய நாள் அது. குரவையிட்டவர்கள், அழுதவர்கள், குடை விழுந்த திக்கை நோக்கிச் சைக்கிளில் பறந்தவர்கள் என்று தெருவே நிரம்பியிருந்தது. அவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவன்.

இரவு செய்திப் பக்கம் தயாரானபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1981 கணக்கெடுப்பின்படி, கிளிநொச்சியும் சேர்ந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை எட்டு லட்சத்துக்கு மேல். 25 டொன்னைப் பகிர்ந்தால் தலைக்கு 30 கிராம். ஒரு சிறங்கை அரிசியும் தேறாது. எங்கள் முதிய மெய்ப்புப் பார்ப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பிமாரே, இது அரிசியில்லை, தந்தி. விலாசம் யாழ்ப்பாணம் இல்லை, கொழும்பு" என்றார். விமானங்களில் செய்தியாளர்களையும் ஏற்றி வந்தார்கள் என்பதை அறிந்தபோது அவர் சொன்னதன் முழுப் பொருளும் விளங்கிற்று.

தந்தி போய்ச் சேர்ந்தது. வடமராட்சி நடவடிக்கை நின்றது. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஒப்பந்தத்தின் அரசியல் வாசகங்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களைப் படித்தவர்கள் குறைவு. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எவருக்கும் கொடுக்கலாகாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும், இலங்கையில் உள்ள வெளிநாட்டுப் படைத்துறை, புலனாய்வு ஆட்களின் இருப்பு பற்றி உடன்பாடு காண வேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை இராணுவத் தேவைக்குப் பயன்படுத்த விடக்கூடாது என்பன அவற்றின் உள்ளடக்கம். ஒரு பேரரசு தன் கொல்லைப்புறத்தில் யார் நடமாடுகிறார்கள் என்று கவலைப்பட்டது. அதில் வியப்பில்லை, அரசுகள் அப்படித்தான். எங்கள் பசி அவர்கள் வந்ததற்கு ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தது, அவ்வளவே.

அதன் பின் நடந்ததை நீட்டத் தேவையில்லை. அக்டோபர் 10இல் போர் மூண்டது. அன்றே 'ஈழமுரசு', 'முரசொலி' நாளேடுகளின் அச்சகங்களை இந்தியப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியருமாக 60 பேருக்கும் மேல் சுட்டுக் கொன்றார்கள். குடை இறங்கிய வானத்துக்கும் அந்த வார்ட்டுகளுக்கும் இடையே நாலரை மாதம்.

இத்தனைக்குப் பின்னும் பூமாலையின் பாடம் அழியவில்லை என்பதுதான் விந்தை. சனங்களின் நினைவு நீதிமன்றம் போல் இயங்குவதில்லை. வைத்தியசாலைப் படுகொலையை அது ஓர் அறையில் வைத்துப் பூட்டியது. குடைகளை இன்னோர் அறையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டது. வரக்கூடியவர்கள் ஒருமுறை வந்தார்கள், எனவே மறுமுறையும் வருவார்கள்.

இனி, நாம் பேச விரும்பாத பகுதி. இலங்கைப் போரில் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டதாக ஐயமின்றிப் பதிவான நிகழ்வு ஒன்று உண்டு. அது நடந்தது வன்னியில் அன்று, யாழ்ப்பாணத்தில் அன்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில், 1990 ஜூன் 18இல். பயன்படுத்தியவர்கள் விடுதலைப் புலிகள்.

போர் மீண்டும் மூண்டு ஒரு வாரம். கிழக்குக் கிரான் இராணுவ முகாமைச் சுற்றி வளைத்த புலிகளிடம் அதை உடைக்கும் கனரக ஆயுதம் போதவில்லை. அருகே வாழைச்சேனைக் காகித ஆலை. வைக்கோல் கூழை வெளுப்பதற்காக அங்கே குளோரின் சிலிண்டர்கள் இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து காற்றுப் பார்த்துத் திறந்தார்கள். ஈப்ரில் 75 ஆண்டுகளுக்கு முன் கையாண்ட அதே முறை. 60க்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டனர். காற்றுத் திசை மாறி, வாயுவின் ஒரு பகுதி திறந்தவர்களையே நோக்கித் திரும்பியது. பின்னர் அவர்கள் அம்முறையைத் தொடரவில்லை. உலகில் அரசல்லாத ஆயுதக் குழு ஒன்று போர்க்களத்தில் இரசாயன ஆயுதம் பயன்படுத்திய முதல் நிகழ்வு என்று ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

போர்நிறுத்தக் காலத்தில் ஒருமுறை மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போகையில் வாழைச்சேனையும் கிரானும் அடுத்தடுத்து வந்து போயின. பஸ்ஸில் என் அருகே இருந்தவர் தயிர்ச் சட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உறங்கினார். எனக்கு ஆலையின் வரலாறு நினைவுக்கு வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றும் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. தமிழ்ப் பகுதிக்குத் தொழில் வேண்டும் என்று கேட்டுக் கிடைத்த வரங்கள் என்று எங்கள் தகப்பன்மார் சொல்வார்கள். பரந்தனில் ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிப்பதற்கும், பிள்ளைகள் எழுதும் தாளை வெளுப்பதற்கும் ஆன பொருள்.

கிரானைப் பற்றி நமது கூட்டங்களில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. பேசினால் அரசின் குற்றம் இலேசாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அன்று அரசு அதே வழியில் பதிலடி கொடுத்திருந்தால் அது எங்கே வந்து இறங்கியிருக்கும்? சிலிண்டரைத் திறந்தவர்கள் மீது அன்று. செல்லுக்குக் கீழே, காஸுக்கு மேலே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூதாட்டியின் பங்கருக்குள். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்பது அக்கால வழக்கமும் அன்று.

இன்னொன்றும் உண்டு. கிரானில் கோடு தாண்டப்பட்டது. அதற்காக எந்த நாடும் வரவில்லை. எந்த நாடும் போகவுமில்லை. நச்சுவாயு என்ற சொல்லுக்கு உலகைக் கூட்டும் மந்திர சக்தி உண்டு என்ற நம்பிக்கை உண்மையானால், அது அன்றே சோதிக்கப்பட்டுத் தோற்றுப்போயிற்று.

2009க்கு வருவோம். ஏப்ரலில் ஆனந்தபுரத்தில் படையினர் நச்சுவாயு பயன்படுத்தினர் என்று புலிகள் தரப்புக் குற்றஞ்சாட்டியது, அரசு மறுத்தது. வெண்பொஸ்பரசு, கொத்துக் குண்டு பற்றிய சாட்சியங்களும் வந்தன. ஐ.நா. செயலாளர் நாயகம் அமர்த்திய மூவர் குழு 2011இல் தந்த அறிக்கை இக்குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு, அவற்றின் நம்பகத்தன்மை பற்றி முடிவுக்கு வர இயலவில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்று எழுதியது. 2012இல், புதுக்குடியிருப்புப் பகுதியில் கொத்துக் குண்டுச் சிதறல்கள் கண்டெடுக்கப்பட்டதாக ஐ.நா.வின் கண்ணிவெடி அகற்றும் நிபுணர் ஒருவரின் மின்னஞ்சல் மூலம் செய்தி வெளியாயிற்று. வெண்பொஸ்பரசு சர்வதேசச் சட்டத்தில் இரசாயன ஆயுதம் என்ற வகைக்குள் பொதுவாக வருவதில்லை. எரிகுண்டு வகையில் வைத்து எண்ணுகிறார்கள். உடம்பில் பட்டவருக்கு இந்த வகைப்பாட்டால் ஆறுதல் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

அதே அறிக்கை, இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் தள்ள முடியாது என்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது எது? சாதாரண எறிகணை, நாங்கள் 'செல்' என்று சொல்லிப் பழகிய அந்தப் பழைய இரும்பு. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள், வைத்தியசாலைகளின் மீது, உணவு விநியோக வரிசைகளின் மீது விழுந்ததாக அறிக்கை சொல்வது அதைத்தான். அப்படியிருக்க நம்மவர்கள் ஏன் வாயுவைத் தேடுகிறார்கள்? செல் போதாது என்று உலகம் எங்களுக்குச் சொல்லாமல் சொல்லியிருக்கிறது. அதை நாமும் நம்பிவிட்டோம். நமது சாவுக்கு நாமே ஒரு தகுதி நிர்ணயித்து, அதற்குக் குறைந்த சாவுகளை இரண்டாம் வரிசையில் உட்கார்த்தியிருக்கிறோம். சாட்சியம் சேகரிக்கும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது நான் சொல்வது ஒன்றுதான்: புகை என்ன நிறம், என்ன மணம், காற்று எந்தப் பக்கம், என்ன திகதி, பக்கத்தில் யார் என்று கேளுங்கள், 'இரசாயனம்' என்ற சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கூத்தாவுக்குப் பின் நடந்ததை நோக்கினால் கேள்விக்கு விடை கிடைக்கும். இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தினால் அது தம் கணிப்பை மாற்றும் சிவப்புக் கோடு என்று ஒபாமா 2012இல் சொல்லியிருந்தார். கோடு தாண்டப்பட்டது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சிரியா அறிவித்த சுமார் 1,300 டொன் இரசாயனப் பொருட்கள் அகற்றப்பட்டன. அப்பணியில் ஈடுபட்ட நிறுவனத்துக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. போர் நிற்கவில்லை. பீப்பாய்க் குண்டுகள் தொடர்ந்து விழுந்தன. சிலவற்றில் குளோரின் இருந்ததையும் அந்த நிறுவனமே பின்னர் உறுதி செய்தது. குளோரினை வைத்திருப்பதை எந்த நாடும் தடுக்க முடியாது. தண்ணீருக்கும் துணிக்கும் தாளுக்கும் அது வேண்டும். ஆயுதமாகப் பயன்படுத்துவதே குற்றம். 2017இல் கான் ஷேக்கூனில் மீண்டும் சரின். அமெரிக்கா 59 ஏவுகணைகளை ஒரு விமானத் தளத்தின் மீது ஏவியது. அசாத் ஆட்சி வீழ்ந்தது 2024 டிசம்பரில். கூத்தாவின் பிள்ளைகள் இறந்து பதினொரு ஆண்டுகளின் பின். ஆக, அங்கே நிரூபிக்கவும்பட்டது, கோடும் இருந்தது, படங்களும் இருந்தன. வல்லரசுகள் அகற்றியது ஆயுதத்தை; சனங்களை அதே வானத்தின் கீழேதான் விட்டுச் சென்றன.

முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தவர்களில் பலர் கடைசிவரை அமெரிக்கக் கப்பல் வரும் என்று காத்திருந்தார்கள். அது முழுக் கற்பனையும் அன்று. அமெரிக்காவின் பசிபிக் கட்டளைப் பீடத்தின் துணையோடு மக்களை வெளியேற்றும் யோசனை 2009 தொடக்கத்தில் உண்மையாகவே பேசப்பட்டு, பேச்சளவில் நின்றது. உண்மையில் வந்த கப்பல் வேறு. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் வாடகைக்கு அமர்த்திய 'கிரீன் ஓஷன்' என்னும் கப்பல், பெப்ரவரி முதல் காயமடைந்தவர்களையும் அவர்களது உறவினரையுமாக ஏறத்தாழ 14,000 பேரை ஏற்றிப் போயிற்று. மார்ச்சுக்குப் பின் அவர்களில் பலரைப் புல்மோட்டையில் இறக்கினார்கள். அங்கே சிகிச்சை அளித்தது இந்தியா அனுப்பிய மருத்துவக் குழு. 1987இல் போர் விமானத்தின் காவலோடு வந்த இந்தியா, இம்முறை போர்க்களத்துக்கு வெளியே ஒரு கூடாரத்தில் கட்டுத்துணியோடு காத்திருந்தது. கப்பல் கரைக்கு அப்பால் நிற்கும். வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய் ஒவ்வொருவராகத் தூக்கி மேலே விடவேண்டும். அதன் கடைசிப் பயணம் மே 9. அதற்குப் பின்னரும் வந்து பார்த்தது. சண்டையால் கரையை அணுக முடியவில்லை. மே 18 வரை, கரையில் இருந்தவர்கள் கடலைப் பார்த்தபடி இருந்தார்கள்.